இருக்கேன்

பாண்டுங் அலுவலகத்தின் சர்வர் கணினிகள் ஒன்றையொன்று ஓயாமல் "இருக்கியா?" என்று விசாரித்துக்கொண்டே இருக்கும். ஒன்று பதில் சொல்லாவிட்டால், அதே பெயரில் இன்னொன்று வேலையை ஏற்றுக்கொள்ளும். பழையது திரும்பி வந்தால், புதியது அதை ஆஃப் செய்துவிட வேண்டும். இந்த விதியை எழுதியவன் அங்கே வேலை செய்யும் யாயான்தான்.

மத்தியானம் பத்தகோர் என்ற பொரித்த மீன் பலகாரம் வாங்கிவரக் கீழே போனவன், திரும்பும்போது லிஃப்டில் மாட்டிக்கொண்டான். போனில் சிக்னல் இல்லை. "இருக்கேன், உள்ளேதான் இருக்கேன்" என்று கதவைத் தட்டித் தட்டிக் கத்தினான். யாருக்கும் கேட்கவில்லை.

ஒருவழியாக மேலே வந்தபோது, அவனுடைய நாற்காலியில் அவனே உட்கார்ந்து பத்தகோர் தின்றுகொண்டிருந்தான். வாசலில் நின்றவன் கையிலும் பொட்டலம் இன்னும் சுட்டது.

"அக்கா, யாரு இது?" என்று வாசலிலிருந்தே கேட்டான்.

பக்கத்து மேஜை லிலிஸ் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் இருந்தவன் பக்கம் திரும்பினாள்.

"பழசு வந்துடுச்சு யாயான். சாப்பிட்டுட்டு ஆஃப் பண்ணிடு."

கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அவன் எழுந்தான்.