பச்சை யானை

“யானை இன்னா கலர் சார்? அங்க பச்சையா ஒண்ணு கீது!” தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பூக்காரி அஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு பக்கம் முருகரு, ஒரு பக்கம் வெறும் கோடு. ஒருத்தன் யாராண்டையும் கத்துக்காம மனசுக்குத் தோணினதெல்லாம் வரைஞ்சி, எதிர் மண்டபத்துல மாட்டிகீறான். போய்ப் பாரு, சிரிப்பா சிரிப்ப!”

ரயிலிறங்கி வந்த கிட்டு சிரிக்கத்தான் போனான். கேலி பேச வந்த கூட்டத்தால் மண்டபத்தில் நிற்க இடமில்லை. “இது ஒருத்தன் வரைஞ்சதா, பத்து பைத்தியம் வரைஞ்சதா?” என்றார் ஒருவர். ஆனால் பச்சை யானைக்கு முன்னால் வந்ததும் எல்லோருக்கும் பேச்சு நின்றது. மழை பெய்து ஓய்ந்த மலை ஒன்று எழுந்து நடந்து வருவதுபோல் இருந்தது.

கிட்டு கோபத்தோடு திரும்பி வந்தான். “ஏம்மா, கைக்கு வரம் வாங்கி வந்த மனுஷனைப் போய் இப்படித் திட்டலாமா?”

“மொத ரெண்டு நாளு ‘நல்லா கீது, வாங்க’ன்னு கெஞ்சினேன் சார். ஈ, காக்கா வர்ல. அது சோறு துன்னாம, சொவத்தப் பாத்துகினு குந்தினு இருந்துச்சி. நேத்து திட்ட ஆரம்பிச்சேன், ஊரே வந்துடுச்சி.”

“அந்த ஆள் மேல உனக்கு என்ன இத்தனை அக்கறை?”

“தாலி கட்டின மனுசனாச்சே சார்!” என்றவள், அடுத்த ரயிலில் இறங்கி வந்தவர்களைப் பார்த்ததும் குரலை உயர்த்தினாள். “அக்கா, அந்தக் கண்றாவியப் பாத்தியா?”