கலைத்த பிரிவு

அலவத்துகொடைப் பக்கம் இருந்த ஒரு சின்ன விதானைப் பிரிவை 1932இல் அரசாங்கக் கச்சேரி கலைத்து, பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிட்டது. அங்கே ஊர்த்தலைவராக இருந்த விதானை ஸெய்னுலாப்தீனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பியூன் வந்து பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனான். அன்று மூண்ட கோபம் மனிதருக்குத் தணியவே இல்லை. முறைப்பாடு என்று யார் வந்தாலும், "புது விதானைக்கிட்ட போங்க" என்று எரிந்து விழுந்தார். மெல்ல ஆட்கள் வருவது நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தபோது, கொட்டும் மழையில் பாக்கு வியாபாரி காசிம் முற்றத்தில் நின்றான். பக்கத்துத் தோட்டக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறானாம்.

"புது விதானை டிங்கிரிபண்டாக்கிட்ட போ."

"போனன், விதானையார். நான் மவுத்தானது பழைய பிரிவிலயாம். அங்க எடுக்க மாட்டாங்களாம்."

காசிமின் கபுறுக்குழியில் மண் போட்டவர்களில் ஸெய்னுலாப்தீனும் ஒருவர். அது நினைவுக்கு வந்தும் அவருக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"உசிரோட உள்ளவங்கள எல்லாம் எடுத்துக்கிட்டு, மவுத்தானவங்கள மட்டும் என்ட தலையில கட்டிட்டாங்க."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, சொல்லு."

சொல்லி முடித்துக் காசிம் விலகியபோது, பின்னால் நின்ற வரிசை தெரிந்தது. எல்லாருடைய ஜனாஸா அடக்கத்துக்கும் அவர் போயிருந்தார். ஒருவருடைய உடுப்பும் நனைந்திருக்கவில்லை. கடைசியில், பிரிவு கலைவதற்கு முந்தின வருடம் மவுத்தான அவருடைய மனைவி உம்மு சல்மா நின்றாள். அவளுடைய முறைப்பாடு என்னவென்று அவருக்குத் தெரியும்: ஊரார் முறைப்பாடெல்லாம் கேட்டவர், அவள் சொல்ல வந்ததை ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. வரிசை நகர நகர, அவள் கிட்டே வந்துகொண்டிருந்தாள்.