ஆணிப்பிடி

நார்வேயில் எங்கள் வகுப்பு இரண்டு நாள் ஏரி ஆய்வுக்குப் போனது. என்னையும் ஆசிரியை சீக்ரூனையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். உறைந்த ஏரியின் மேல் நடந்துதான் மறுகரையில் நாங்கள் தங்கும் மரவீட்டுக்குப் போகவேண்டும். ஆளுக்கொரு ஆணிப்பிடியைக் கழுத்தில் மாட்டிவிடுவது என் வேலை. அதில் ஆணி வைத்த இரண்டு மரப்பிடிகளைக் கயிற்றில் கோத்திருப்பார்கள். பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தால், ஆணியைக் குத்திக் குத்தி மேலே ஏறலாம்.

"உங்க ஊர்ல ஐஸ் டம்ளருக்குள்ளதான இருக்கும்?" என்று கூடப் படிக்கும் தூர்பியோர்ன் சீண்டினான்.

பன்னிரண்டு ஆணிப்பிடிகள் இருந்தன. கடைசியில் நின்ற பெண்ணுக்கு மாட்டியதும் எனக்கு மிஞ்சவில்லை. வெறும் கழுத்தோடு ஏரியைக் கடந்தேன்.

மறுகரையில் சீக்ரூன் என்னைப் பார்த்தார்.

"உன்னோடது எங்க?"

"ஒண்ணு குறைஞ்சுது. கடைசில நின்ன பொண்ணுக்குப் போட்டுட்டேன்."

"நான் ரெண்டு தடவ எண்ணி வச்சேன். ஆளும் பன்னெண்டு, பிடியும் பன்னெண்டு."

தூர்பியோர்ன் சிரிக்கவில்லை. சீக்ரூன் ஏரியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ சடை ஈரமா இருந்துச்சா?"

"ஆமா."

அவர் விறகு எடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை, வாசல் கொக்கியில் அந்தப் பெண்ணுக்கு மாட்டிய ஆணிப்பிடி தொங்கியது. கயிறு உறைந்து குச்சியாக நின்றது. முந்தின நாள் ஊசி போலிருந்த ஆணிகள், மரப்பிடி மட்டத்துக்குத் தேய்ந்திருந்தன.

சீக்ரூன் அதை எடுத்து என் கழுத்தில் மாட்டினார்.

"இது இல்லாம யாரும் ஏரியில கால் வைக்கக் கூடாது," என்றார்.

திரும்புவதற்கும் அந்த ஒரு வழிதான்.