செவ்வாய்க்கிழமை வளையம்

“வாரத்துல ஆறு நாள் உங்கம்மா மணியே பாக்கமாட்டாங்களா, தம்பி?”

பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டாள் சுமாலி. பாங்காக்கின் பழைய கடிகாரச் சந்தையில் அவளிடம் மதிப்புக் கேட்காமல் யாரும் எதையும் விற்பதில்லை. ஆனால் அவளுக்கு ருசியெல்லாம் கடிகாரத்தைக் கட்டியவர்களின் கதையில்தான். அது தெரியாமல் போனால் அன்றைக்குச் சோறு இறங்காது.

கொள்ளைநோய்க் காலத்தில் மேஜைக்கு முன்னால் போட்ட கண்ணாடித் தடுப்பை அவள் இன்னும் கழற்றவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் பக்கவாட்டில் தலையை நீட்டித்தான் பேசுவார்கள். அம்மாவின் கடிகாரத்தை விற்க வந்த கம்ரோன் மட்டும் ஸ்டூலைத் தடுப்புக்கு நேராகப் போட்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தான்.

“ஏன்க்கா அப்படிக் கேக்கறீங்க?”

“இது அந்தக் காலத்து ஃபேஷன் வாட்ச். முகப்பைச் சுத்தி இருக்கற வளையத்தைக் கழட்டிட்டு வேற நிறம் மாட்டிக்கலாம். கிழமைக்கு ஒரு நிறம்னு உடுத்தற நம்ம ஊர்ப் பொம்பளைங்க விடுவாங்களா? திங்களுக்கு மஞ்சள், செவ்வாய்க்கு ரோஸ், புதனுக்குப் பச்சைன்னு கிழமைக்கு ஒண்ணா மாட்டிக்கிட்டாங்க. இதுலயும் ஏழு இருக்கு. ஆனா ஆறு வளையம் பெட்டியை விட்டு வெளியவே வரல. ரோஸ் மட்டும் தேஞ்சு கெடக்கு. செவ்வாய்க்கிழமை மட்டும்தான் இதைக் கட்டியிருக்காங்க.”

கம்ரோன் பெட்டியை எட்டிப் பார்த்தான். “மத்த நிறம் இருக்கறதே அம்மா செத்த பிறகுதான் தெரியும். அவங்க கையில ரோஸைத் தவிர வேற எதையும் நான் பாத்ததில்ல.”

ஆண்பிள்ளைகளுக்கு அம்மா கையில் இருப்பது என்றைக்குக் கண்ணில் பட்டது என்று சுமாலி நினைத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கடையில் வாட்ச் வார் விற்கும் லெக் சும்மா இருக்கவில்லை. “செவ்வாய்க்குச் செவ்வாய் சிங்காரம்னா, யாரையோ பாக்கப் போயிருக்காங்க.”

“உன் வாயில ஒரு வாரைப் போட்டுக் கட்டு,” என்றாள் சுமாலி. ஆனாலும் அவள் காது கம்ரோன் பக்கம்தான் இருந்தது.

அவன் கோபப்படவில்லை. “அவர் சொல்றது சரிதான். ஒருத்தனைப் பாக்கத்தான் போவாங்க. மழை, வெள்ளம் எதுவானாலும் பஸ் மாறி மாறிப் போவாங்க. அவனுக்குப் பிடிச்ச சாப்பாடும் வாங்கிக் குடுப்பாங்க.”

“உங்கப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். தடுக்கல. அவன் பேரை வீட்டுல எடுக்கக்கூடாதுன்னு மட்டும் சொல்லிட்டாராம்.”

“அந்த ஆளு ஒரு தடவையாவது இவங்களைத் தேடி வந்தானா?”

“இல்ல. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினதுகூட இல்ல.”

“பெரிய மகாராஜா,” என்றாள் சுமாலி. முகம் தெரியாத அந்த ஆளின் மேல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“விலையைச் சொல்லுங்கக்கா. வாழைப்பழம் சுட்டு விக்க ஒரு தள்ளுவண்டி பாத்து வெச்சிருக்கேன். இன்னிக்கு முன்பணம் கட்டலேன்னா வேற ஆளுக்குப் போயிடும். என்னை யாரும் வேலைக்கு வெச்சுக்கறதா இல்ல.”

“ஏழு வளையமும் சேந்து பன்னெண்டாயிரம் பாத். வண்டிக்கு ஆகுமா?”

“ஆகும்.” சொல்லிவிட்டு அவன் தயங்கினான். “ரோஸை மட்டும் நான் வெச்சுக்கிட்டா?”

“அப்புறம் பழசு சேக்கறவங்க யாரும் பெட்டியைத் தொடமாட்டாங்க. பாதி விலைதான். முலாம் போன அந்த வளையம் தனியா சல்லிக்காசு பெறாது.”

“பாதியே குடுங்க.”

“வண்டி?”

“மூங்கில் கம்புல ரெண்டு கூடையைத் தொங்கவிட்டுத் தோள்ல தூக்கிக்கறேன்.”

சுமாலிக்கு எரிச்சலாக இருந்தது. கையில் வரும் பிழைப்பை இப்படியா ஒரு தேய்ந்த வளையத்துக்காக விடுவான்? அதில் அப்படி என்னதான் இருக்கிறதென்று மறுபடி பூதக்கண்ணாடியை மாட்டினாள். தேய்மானம் வளையம் முழுக்க இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் ரோஸ் பூச்சும் முலாமும் போய் வழவழவென்று மட்டமாகியிருந்தது.

“முகப்பு உள்ளங்கைப் பக்கம் வர்ற மாதிரி கட்டியிருக்காங்க,” என்றாள். “அது புரியுது. ஆனா தட்டையா எதுலயோ அழுந்தி அழுந்தித் தேஞ்சிருக்கு. வருஷக்கணக்கா, ஒரே எடத்துல. எதுலன்னுதான் எனக்குப் பிடிபடல. அதைச் சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க.”

கம்ரோன் வளையத்தைப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கி, விரல்களை விரித்து, அவளுக்கும் தனக்கும் நடுவில் இருந்த கண்ணாடித் தடுப்பில் உள்ளங்கையை அழுத்தி வைத்தான்.

“அந்தப் பக்கம் அம்மா கை இப்படி இருக்கும்க்கா,” என்றான். “நான் இருந்த ஜெயில்ல செவ்வாய்க்கிழமை மட்டும்தான் ஆளைப் பாக்க விடுவாங்க.”