சிட்டு வராத குடுவை

"இந்தக் குடுவை சரியில்லம்மா. மாத்திக் குடு."

ஹார்லன் கிழவர் குடுவையை மேஜைமேல் வைத்தார். சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தோட்டத்தில் தொங்கவிட்டால் பூந்தேன் குடிக்கும் குட்டிப் பறவைகளான ரீங்காரச் சிட்டுகள் வந்து குடிக்கும்.

கடைக்காரி டெல்ஃபினாவுக்குச் சுருக்கென்றது. அரிசோனாவின் இந்த மூலையில் அவள் கடைக் குடுவையை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

"ஏன், சிட்டு வரலையா?"

"வருதே! நேத்துலேருந்து கூட்டம் கூட்டமா வருது. அதான் மாத்தணும்ங்கறேன்."

டெல்ஃபினா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மனுஷனுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ?

"அப்போ உங்களுக்கு என்னதான் வேணும்?"

"சிட்டு வராத குடுவையா ஒண்ணு."

"என்ன, காலங்காத்தால விளையாடுறீங்களா? சிட்டு வேண்டாம்னா குடுவையே மாட்டாதீங்க."

"ஐயோ, குடுவை கண்டிப்பா தொங்கணும்மா. நாளைக்குக் காலையில தொங்கலைன்னா எல்லாம் பாழாப் போயிடும்."

என்ன கூத்து இது! டெல்ஃபினாவுக்கு எரிச்சல் ஒரு பக்கம், என்னவாக இருக்கும் என்ற குறுகுறுப்பு ஒரு பக்கம். கழித்துப் போட்ட சாமான் பெட்டியைக் கிளறி ஒரு பிளாஸ்டிக் குடுவையை எடுத்தாள்.

"இதுல மஞ்சப் பூ ஒட்டியிருக்கு. தேனீ மொய்க்கும். சிட்டு கிட்டவே வராது."

"பூவைச் சிவப்பா மாத்திட்டா?"

"தேனீ தொல்லை குறையும். ஆனா அடியில ஒழுகுது. எறும்பும் ஏறும்."

கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒழுகுதா? எறும்பு வேறயா? அற்புதம்! இதையே குடும்மா."

டெல்ஃபினா குடுவையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். "காரணம் சொன்னாத்தான் தருவேன். வாயில்லா ஜீவனை ஏங்க விட்டு வேடிக்கை பாக்கற ஆளுக்கு என் கடையில சாமான் கிடையாது."

கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"பக்கத்து வீட்டு வெர்லா இருக்காளே, குளிர்காலத்துல புருஷன் செத்ததுலேருந்து வாசப்படி தாண்டலம்மா. யார் கூப்பிட்டும் வரல. சரியா சாப்பிடறதும் இல்ல. ஒருநாள் நான் குடுவை மாட்டறதை ஜன்னல் வழியா பார்த்துட்டா. 'ஏய் ஹார்லன், புத்தி இருக்கா உனக்கு? உச்சி வெயில்லயா மாட்டுவாங்க?'ன்னு கத்திக்கிட்டே வந்துட்டா!"

"அப்புறம்?"

"மறுநாள் சர்க்கரை ஜாஸ்தின்னு வந்தா. அடுத்த நாள் சரியா கழுவலைன்னு வந்தா. தினம் வந்து என்னைத் திட்டிட்டு, ரெண்டு முட்டை சாப்பிட்டு, காபி குடிச்சிட்டுப் போவா. ஒருநாள் சிரிக்கக்கூட சிரிச்சா."

"நல்ல விஷயந்தானே?"

"எங்க நல்லது! அவ சொன்ன மாதிரியெல்லாம் செஞ்சேன், நேத்து சிட்டு வந்துடுச்சு. 'இனிமே நான் எதுக்கு?'ன்னு போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. இன்னிக்குக் காலையில வரவே இல்லம்மா."

டெல்ஃபினா ஓர் ஆணியை எடுத்து, அந்தக் குடுவையின் அடியில் இன்னும் இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தாள்.