பீடத்தின் மேல் கீட்டோஸ்

அமைச்சர் அருங்காட்சியக வாசலில் காரை விட்டு இறங்கிவிட்டார். எலும்புக்கூட்டின் முன்னால் பெயர்ப்பலகை இன்னும் காலியாக இருந்தது.

பலகை எழுதுபவளுக்கு அங்கே தற்காலிக வேலை. இன்றைய விழா சொதப்பினால் நாளைக்கு அவளுடைய நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். நிரந்தரம் ஆக்குகிறேன் என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் வாக்குக் கொடுக்காத ஆளே அந்த அருங்காட்சியகத்தில் கிடையாது.

தாமதம் அவளால் வந்ததல்ல. இரண்டு பேராசிரியர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். திமிங்கிலம் என்றார் ஒருவர். கடற்சிங்கம் என்றார் மற்றவர். முன்னவர் எப்போதும் தலைப்பக்கமே நின்று பேசினார். பின்னவர் வால்பக்கத்தை விட்டு இம்மியும் நகரவில்லை. நடுவில் சந்தித்து ஒரு வாய் தேநீர் குடிக்கக்கூட இருவருக்கும் மனம் வரவில்லை.

காலடிச் சத்தம் படியேறியது.

அவள் தூரிகையை எடுத்து ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்: கீட்டோஸ்.

பழைய கிரேக்கச் சொல். அந்தக் காலத்தில் திமிங்கிலத்தையும் அப்படித்தான் சொன்னார்கள். கடற்சிங்கத்தையும், சுறாவையும், பெருத்த சூரை மீனையும் அப்படித்தான். கதைகளில் இளவரசியை விழுங்க வந்த கடல்பூதத்துக்கும் அதுவே பெயர். கடலில் பெரிதாக எது தலைதூக்கினாலும், பார்த்தவனுக்குக் குலை நடுங்கினால் போதும், கீட்டோஸ்தான். எவ்வளவு வசதியான வார்த்தை!

முதல் பேராசிரியர் குனிந்து படித்தார். ஜெயித்துவிட்ட முகத்தோடு நிமிர்ந்தார். இரண்டாமவரும் படித்து, அதே முகத்தோடு நிமிர்ந்தார்.

அமைச்சரும் படித்தார். அர்த்தம் கேட்கவில்லை. வாயில் நுழையாத பெயர் என்றால் விலை உயர்ந்த சரக்காகத்தான் இருக்கும் என்பது அவருடைய அனுபவம்.

"பாவம், ஒத்தையா நிக்குதே! இதே மாதிரி இன்னொண்ணு ஏற்பாடு பண்ணி ஜோடியா வைங்க. பீடத்துக்கு நான் சொல்லிடுறேன்."

இயக்குநர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ஆகட்டுங்கய்யா. இந்தம்மா பாத்துக்குவாங்க. இன்னையிலேருந்து இவங்க இங்க நிரந்தரம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பேராசிரியர்கள் இருவரும் முதன்முறையாக ஒரே கருத்துக்கு வந்து அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எந்தக் கடலில் போய் வலை வீசப்போகிறாள் இவள்?

அவளுக்கோ சந்தோஷம் தாளவில்லை. வலையும் வேண்டாம், கடலும் வேண்டாம். கிடங்குச் சாவி ஒன்று போதும்.

புரவலர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு எலும்புக்கூடு அனுப்பியிருந்தார்கள். பீடமோ ஒன்றுக்குத்தான் அனுமதி. யார் மனமும் கோணக்கூடாது என்று, ஒருவர் பெட்டியிலிருந்து தலையையும் மற்றவர் பெட்டியிலிருந்து உடம்பையும் எடுத்து மாட்டச் சொன்னவர் இயக்குநர். மிச்சத் தலையும் மிச்ச உடம்பும் கிடங்கில் பத்திரமாக இருந்தன.