மாப்பிள்ளை கேட்ட ஜாக்கி

"மாமா, உங்க காரோட முன் சக்கரத்து பிரேக் பேடை நானே மாத்திடறேன். அரை மணி நேர வேலைன்னு வீடியோவுல காட்டறாங்க. பேட் தயாரா இருக்கு."

மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்தார். நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் சங்கிலி பிடித்தவர் அவர். எதையும் கண்ணால் ஒருமுறை அளந்துவிட்டுத்தான் வாய் திறப்பார். இப்போது மாப்பிள்ளையை அளந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை, கண்ணாடிக் காம்பின் திருகாணியைத் தவிர வேறெதையும் திருகி அறியாதவர். போன தடவை வந்தபோது சுவரில் ஆணி அடிக்கிறேன் என்று கிளம்பினார். ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அடி விழுந்தது.

ஜன்னலருகே துணி மடித்துக்கொண்டிருந்த மகள், மடித்த துண்டையே மறுபடி உதறி மடித்தாள். பிரேக்கில் கற்றுக்குட்டிக் கை பட்டுவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை. முழங்கால் சிகிச்சைக்கு அம்மா வாரம் இரண்டு முறை அந்தக் காரில்தான் போய் வருகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை முழுக்க இறக்கம். அப்பாவின் வீட்டுக்கு அவள் வந்த இந்த மூன்று நாளாக, அந்த நினைப்பிலேயே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் மாப்பிள்ளையைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் மாமனார் இனிமேல்தான் பிறக்க வேண்டும். இவர் சுற்றி வளைத்தார். பிரேக் எங்கே ஓடிவிடப் போகிறது, முதலில் வைப்பர் ரப்பரை மாற்றலாமே என்றார்.

இருவரும் வாசலுக்குப் போனார்கள். மகளும் துணிக்கூடையோடு வாசற்படிக்கு வந்துவிட்டாள். ஓய்வு பெற்ற ஆறு மாதத்தில் கார் விஷயத்தில் மாமனார் கரைகண்டவர் என்று தெருவில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியதில் பாதிப் பங்கு அவருடையதுதான். வைப்பர் கம்பியை நிமிர்த்தியதும் பழைய துண்டு ஒன்றை மடித்துக் கண்ணாடியின் மேல் போட்டார். சொல்லி வைத்த மாதிரி கம்பி மாப்பிள்ளையின் கையிலிருந்து நழுவி விழுந்தது. துண்டு இல்லாவிட்டால் கண்ணாடி போயிருக்கும்.

அடுத்தது ஏர் ஃபில்டர். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கைப்பிடி சருகு. பிறகு பேட்டரி. முனைகளில் உப்புப் பூத்திருந்தது. மைனஸை முதலில் கழற்றச் சொல்லி, வெந்நீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொடுத்தார் மாமனார். மாப்பிள்ளை தேய்த்த தேய்ப்பில் முனைகள் புதுசாயின. சாவியைத் திருப்பினார். ஒரு வாரமாக முக்கி முனகிக் கிளம்பிய கார் முதல் திருப்பிலேயே உறுமியது.

மாப்பிள்ளை கோட்டையைப் பிடித்தவர் போல இறங்கி வந்தார்.

"கை நல்லாப் பழகிடுச்சு மாமா. ஜாக்கி எங்க?"

மாமனார் ஹெட்லைட் பல்பைக் காட்டினார். அதுவும் ஆயிற்று. டயரில் காற்றைச் சோதிக்கச் சொன்னார். அதுவும் ஆயிற்று. காபி குடிக்கலாமே என்றார். குடித்துவிட்டும் மாப்பிள்ளை ஜாக்கியைத்தான் கேட்டார், பிடித்த பிடியை விடவில்லை. வேறு வழியில்லாமல் மாமனார் மகள் பக்கம் திரும்பினார்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட நீ சொல்லக் கூடாதாம்மா?"

"நான் சொன்னா இந்த வீட்டுல யாருப்பா கேக்கறாங்க?"

மாப்பிள்ளை தானே தேடி ஜாக்கியை எடுத்துவிட்டார். அதைக் காருக்கு அடியில் தள்ளவும் போனார். மாமனாருக்குப் பொறுமை போயிற்று. ஜாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. இவ்வளவு நேரம் பண்ணினதெல்லாம் தப்பாப் போனா, மிஞ்சிப் போனா வண்டி கிளம்பாது. கிளம்பாத வண்டி வாசல்லயே கிடக்கும், யாரையும் ஒண்ணும் பண்ணாது. பிரேக்கு தப்பாப் போனா வண்டி நிக்காது. அதுல என் பொண்டாட்டி போறா. வீடியோவைப் பார்த்துட்டு பிரேக்குல கை வைக்கிறவன் எவனா இருந்தாலும் அவன் முட்டாள்."

சொல்லிவிட்டுத்தான் மாப்பிள்ளையை முட்டாள் என்றது அவருக்கே உறைத்தது. உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை கோபப்படவில்லை. ஸ்பானரைப் பெட்டியில் போட்டு மூடினார்.

"அப்போ பிரேக் மெக்கானிக் வேலைதான். யாரா இருந்தாலும். அப்படித்தானே மாமா?"

"யாரா இருந்தாலும்," என்றார் மாமனார், மீசையைத் தடவிக்கொண்டு. மாப்பிள்ளையும் கோபிக்கவில்லை, பிரேக்கும் பிழைத்தது. இதைவிடப் பெரிய வெற்றி அவருக்குச் சமீபத்தில் வாய்த்ததில்லை.

மகளின் முகம் பூவாக மலர்ந்துவிட்டது. துணிக்கூடையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். மூன்று நாள் பாரம் இறங்கிய நடை அது. திரும்பி வந்தபோது கையில் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதை அப்பாவின் கையில் வைத்தாள். மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்போ இதையும் மெக்கானிக்கிட்டயே கொடுத்திடலாம்ப்பா. நாங்க ஊருக்குக் கிளம்பினதும் நீங்களே மாத்தலாம்னு உங்க கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்சிருந்தீங்களே, அந்த பிரேக் பேட்!"